நாற்பத்தொரு வீட்டில் சொன்ன சொல்

அந்த ஊரில் எனக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்திருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றால் பெண்கள் என்னைக் காட்டி அந்தச் சொல்லைச் சொல்வார்கள். ரொட்டிக் கடை வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர் பின்னால் திரும்பி அதையே சொல்வார். அதை இங்கே எழுதலாம், ஆனால் உங்களுக்கு வாயில் நுழையாது. எனக்கே நுழைய ஒரு மாதம் ஆயிற்று. அவர்கள் பேச்சில் மிஷனரிக்கு அதுதான் சொல் போலிருக்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அதோடு விட்டேனா? சபைக்கு அனுப்பிய மாத அறிக்கையில், "இங்குள்ள மக்கள் என்னை அன்போடு இப்படி அழைக்கிறார்கள்" என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். அம்மா அதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று வாசித்தாளாம்.

நான் அங்கே போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்கு வயது இருபத்து நான்கு. ஒரு சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்றில் நானும் நர்ஸ் அக்காவும் படுத்துக்கொள்வோம், இன்னொன்றில் ஞாயிறுதோறும் ஏழு பேர் கூடுவார்கள். அந்த ஏழில் நாங்கள் இருவரும் சேர்த்தி. நர்ஸ் அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள், எனக்கு முன்பே இரண்டு வருடமாக அங்கே ஊழியம் செய்கிறவள். காலை ஐந்தரைக்கு ஜெபத்துக்கு உட்காருவோம். ஆறரைக்குக் கீழே இயந்திரங்கள் ஓடத் தொடங்கி எங்கள் தரை நடுங்கும். அக்கா கண்ணைத் திறக்காமலே ஜெபத்தின் சத்தத்தைக் கூட்டுவாள். பிறகு இரண்டு மணி நேரம் மொழிப் பாடம். மதியத்துக்கு மேல் அவள் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்குக் கட்டு மாற்ற ஊரின் அந்தக் கோடிக்குப் போய்விடுவாள். நான் எங்கள் பக்கத்து நான்கு தெருக்களில் வீடு வீடாகப் போவேன்.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. எந்த வீடு, யார் இருக்கிறார்கள், என்ன சொன்னார்கள் என்று மூன்று பத்தி. நாற்பத்தொரு வீடுகள். முதல் தடவை போனபோது ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள், குடிக்கக் கொடுத்தார்கள், என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். பார்த்த வீட்டையே மறுபடி பார்ப்பதைவிட எல்லா வீட்டுக்கும் ஒரு நடை போய்விடுவோம் என்று அடுத்தடுத்த தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து முதல் தெருவுக்குத் திரும்பினால் சொல்லிவைத்தாற்போல் ஒரு கதவும் திறக்கவில்லை. ஜன்னல் திரை மட்டும் லேசாக அசையும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகை வந்தது, கோபமும் வந்தது. நான் கடவுளோடு சண்டை போடுகிற ஆள். அந்த இரண்டு மாதமும் நன்றாகவே போட்டேன்.

புதன்கிழமை காலை எங்கள் மேற்பார்வையாளர் ஐயாவிடமிருந்து அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார், பன்னிரண்டு மணி ரயிலில் திரும்புகிறார். "நான்கு மாதத்தில் இரண்டாம் முறை கதவு திறந்த வீடு ஒன்றுகூட அறிக்கையில் இல்லை. தங்கை ஊருக்குத் திரும்பி, தலைமை அலுவலகத்தில் பத்திரிகைப் பிரிவுக்கு உதவியாக இருப்பது நலம் என்று கருதுகிறோம். ஜெபத்தோடு."

எங்கள் ஊழியத்தில் ஒரு கடிதம் 'ஜெபத்தோடு' என்று முடிந்தால் முடிவு எடுத்தாயிற்று என்று அர்த்தம். பத்திரிகைப் பிரிவு என்றால் மாதப் பத்திரிகைக்கு விலாசச் சீட்டு ஒட்டுகிற வேலை. நான் சின்ன வயதிலிருந்து இதற்காகத்தான் ஆசைப்பட்டேன். அப்பாவிடம் சண்டை போட்டு, பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிக் கடல் தாண்டி வந்தவள். சீட்டு ஒட்டவா இவ்வளவும்?

"ரொம்ப யோசிக்காத. கீழ போய் போர்வையைக் கொடுத்துட்டு வா" என்றாள் அக்கா. யாராவது அழப் போகிறார்கள் என்று தெரிந்தால் அவள் உடனே ஒரு வேலை கொடுத்துவிடுவாள்.

சலவைக்கடைக்காரம்மா சட்டைக் காலருக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தார். போர்வைகளை எடை மேடையில் வைத்துவிட்டு, வழக்கம்போல அவர்கள் மொழியில் விடைபெறும் வாக்கியத்தைச் சொன்னேன். அதை நான் வந்த முதல் வாரமே அகராதியைப் பார்த்து, சொல்லுக்குச் சொல் சரியாகக் கோத்து மனப்பாடம் செய்திருந்தேன். எனக்குத் தடுமாறாமல் வருகிற ஒரே வாக்கியம் அதுதான். போயிட்டு வரேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தார். "எப்போ?"

"என்ன எப்போ?"

"வரேன்னு சொன்னியே, அது எப்போ?"

நான் விழித்தேன். அவர் பெருமூச்சு விட்டார். "எங்கிட்ட இதை நூறு தடவை சொல்லியிருப்பே. மாடியில இருக்கறவ, எப்படியும் வந்துதானே ஆகணும்னு நான் விட்டுட்டேன். மத்தவங்க அப்படி விடுவாங்களா? சாயங்காலமே திரும்பி வருவேன்னு ஒரு வீட்டுல விளக்கைப் போட்டு உக்காந்திருந்தாங்க. இன்னொருத்தர் வேலைக்கு லீவு சொல்லிட்டு இருந்தாரு. நீ வரல. அடுத்த வாரம் வேற தெருவுல போய் அதையே சொல்லியிருக்கே. ஊர்ல உன் பேரு என்னன்னு தெரியுமா?"

"தெரியுமே" என்று பெருமையாக அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"அதுக்கு என்ன அர்த்தம்னு நினைச்சே?"

அவர் பொறுமையாகப் பிரித்துப் பிரித்துச் சொன்னார். தமிழில் சொல்வதென்றால், திரும்பி-வரேன்-காரி.

அம்மா ஆராதனையில் எழுந்து நின்று வாசித்தது நினைவுக்கு வந்து எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எங்கள் வீட்டில் 'போறேன்' என்று சொன்னால் அம்மா வாயிலேயே ஒன்று போடுவாள், முனைக் கடைக்குப் போவதாக இருந்தாலும் சரி. என்னென்னவோ சொற்களைப் பொறுக்கி அதை அவருக்கு விளக்கினேன்.

"அப்போ வரேன்னு சொன்னா நீங்க வரமாட்டீங்களா?" என்று கேட்டார்.

"வருவோம். வராமலும் இருப்போம்."

"சரி, வரவே போறதில்லன்னா என்ன சொல்வீங்க?"

நான் நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன். "அதுக்கும் போயிட்டு வரேன்னுதான் சொல்வோம்."

அவர் பெட்டியை எடுத்து மறுபடி காலரைத் தேய்க்கத் தொடங்கினார்.

படியேறும்போதுதான் எனக்கு மெதுவாக உறைத்தது. ஒருவருக்கும் என்மேல் வெறுப்பு இல்லை. எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். நாற்பத்தொரு வீட்டில், நான் வருவேன் என்று நம்பி ஆட்கள் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். இதைவிட ஒரு மிஷனரிக்கு என்ன வேண்டும்? மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவினேன். அக்காவிடம் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"இத்தனை நாளா நீங்க என்ன சொல்லிட்டு கிளம்பறீங்க அக்கா?"

"நான் எங்க சொல்றேன்? பையை எடுப்பேன், தலையாட்டுவேன், நடந்துருவேன். நோயாளிங்ககிட்ட ரொம்பப் பேசினா புண்ணு காட்ட மாட்டாங்க."

அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "அதுக்காக போறேன்னு சொல்லித் தொலைச்சிடாதடி."

எனக்குச் சந்தோஷம் வந்தால் நடக்க வராது, ஓடத்தான் வரும். வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நோட்டோடு ஓடினேன். என் திட்டம் எளிது. எல்லா வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்பது. சனிக்கிழமை பத்து மணிக்கு ஐயாவை அழைத்துக்கொண்டு கதவு திறந்த வீடுகளுக்கெல்லாம் வரிசையாகப் போவது. அவர் பன்னிரண்டு மணி ரயிலில் என்னை விட்டுவிட்டுத் திரும்புவார்.

முதல் வீடு பேருந்து ஓட்டுநருடையது. அவர் மனைவி கதவை நான்கு விரல் அகலம் திறந்தார். "வந்துட்டேன்" என்றேன். "மூணரை மாசம் ஆச்சு" என்றார். "வழி தூரம்" என்றேன். நான் குடியிருந்தது அடுத்த தெருவில். அவர் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தார், முடியவில்லை, கதவு முழுதாகத் திறந்தது. புத்தகம் தைக்கும் பட்டறைக்காரர் என் தவறைக் கேட்டதும் உள்ளே இருந்த மூன்று பேரையும் கூப்பிட்டு மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தார். முதல் தடவை போனபோது வயிற்றுப்பிள்ளையோடு இருந்த பெண், இப்போது இரண்டு மாதக் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, "இவ உள்ள இருக்கும்போது வரேன்னு சொன்னே. வெளிய வந்து உன்னைப் பார்க்க வேண்டியதாப் போச்சு" என்றாள்.

கிளம்புவதுதான் பெரிய பாடாக இருந்தது. வாசலில் நின்றவுடன் அந்த வாக்கியம் தானாக வாய்க்கு வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு வாயடைத்து நிற்பேன். "இன்னைக்கு முடிஞ்சதுன்னு சொல்லு" என்று அக்கா சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் ஓட்டுநரையும் பார்த்துவிட்டு அவர் வீட்டு வாசலில் நின்று, 'இன்றைக்கு' என்பதை மறந்து 'முடிந்தது' என்று மட்டும் சொன்னதும் அவர் கவலையோடு மனைவியைப் பார்த்தார்.

வெள்ளி மாலைக்குள் இருபத்தாறு கதவுகள் திறந்திருந்தன. பதினாலு திறக்கவில்லை, அதில் இரண்டு என் முகத்துக்கு நேராகவே சாத்தின. ஆனாலும் இருபத்தாறு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மிச்சம் இருந்தது ஒரே வீடு, உடைகளைத் திருத்தித் தைக்கும் தையல்காரம்மாவின் வீடு. நோட்டில் அவருக்கு நேரே என் கையெழுத்தில் இருந்தது: 'கண். வியாழன். ரொம்ப அன்பானவர்.' அது என்ன குறிப்பு என்று எனக்கே நினைவில்லை.

அவர் மாடி அறையில் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தே கிடந்தது. துணியை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, இடது கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இருபத்தாறு வீட்டில் சொல்லிப் பழகிய வேடிக்கைக் கதையை உற்சாகமாகத் தொடங்கினேன். அவர் முடிக்க விட்டார். சிரிக்கவில்லை.

"நான் உங்கிட்ட அன்னைக்கு என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?" என்றார். நான் இல்லையென்று தலையாட்டினேன். "அடுத்த வியாழக்கிழமை கண் ஆபரேஷன்னு சொன்னேன். கூட ஒரு ஆள் வரலேன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துக்க மாட்டாங்கன்னு சொன்னேன். எனக்குன்னு யாரும் இல்லை, நீ வரியான்னு கேட்டேன். நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, போயிட்டு வரேன்னு சொன்னே."

அவர் எனக்காக மெதுவாகத்தான் பேசினார். இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது.

"பையெல்லாம் எடுத்து வெச்சு, மத்தியானம் வரைக்கும் அந்த நாற்காலியில உக்காந்திருந்தேன். அப்புறம் ஆஸ்பத்திரியில வேற தேதி கொடுத்தாங்க. ஏழு மாசம் தள்ளி. இன்னும் நாலு மாசம் இருக்கு. அதுவரைக்கும் இந்தக் கண்ணுக்குப் புகைதான்."

எனக்கு அப்படியே செத்துவிடலாம் போலிருந்தது. இரண்டு நாளாக நான் வீடு வீடாகச் சிரித்துக்கொண்டு சொன்ன கதை இங்கே ஒருத்தர் கண்ணில் போய் முடிந்திருந்தது. நான் அழுதேன். அந்தத் தேதிக்கு நான் வருகிறேன், கட்டாயம் வருகிறேன் என்று அவர்கள் மொழியில் தெரிந்த எல்லா விதத்திலும் சொன்னேன். சொல்லும்போதே, நாலு மாதம் கழித்து நான் எங்கே இருப்பேனோ என்ற பயமும் வந்தது.

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "நாலு மாசம் இருக்கட்டும். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வா பார்ப்போம். அதுக்கப்புறம் மத்ததைப் பேசலாம்."

பதினொன்றுக்கு வரட்டுமா என்று கேட்க வாய் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை. "வரேன்" என்றேன். அந்த ஊரில் அந்தச் சொல்லை நான் அர்த்தம் தெரிந்து சொன்னது அன்றைக்குத்தான்.

அன்று சாப்பிடும்போது அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயா விடிய விடிய ரயில்ல உக்காந்து வராருடி. நேரம் தவறினா அவருக்குப் பிடிக்காது, உனக்குத் தெரியும். இருபத்தாறு வீடு இருக்கு. அவரை முதல்ல கூட்டிட்டுப் போய்க் காட்டு. அந்தம்மாகிட்ட நான் போய்ச் சொல்றேன்."

"என்னன்னு சொல்வீங்க? வரேன்னு சொன்னவ வரலன்னா?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்த அக்கா, "சீட்டு ஒட்டறதுக்குப் பசை அவங்களே கொடுப்பாங்களாம்" என்றாள். அதில் கிண்டல் பாதி, துக்கம் பாதி.

சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே தையல்காரம்மாவின் மாடிப்படியில் போய் நின்றுகொண்டேன். பத்து அடித்ததும் உள்ளே போனேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு டப்பாவை என் முன்னால் தள்ளினார். உள்ளே ஊசிகள். "ஒரு வாரத்துக்கு வேணும். எல்லாத்துலயும் நூல் கோத்து வை. கறுப்பு இருபது, வெள்ளை இருபது" என்றார்.

கோத்தேன். ஊசிக்காதில் நூல் நுழையும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கொஞ்சம் லேசாகியது, கூடவே கீழே தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திக்கென்றது. பத்தே கால். ஐயா வந்திருப்பார். பத்தரை. அக்கா சொல்லியிருப்பாள். கறுப்பு முடிந்து வெள்ளையில் பதினேழாவதைக் கோத்துக்கொண்டிருந்தபோது படியில் கனமான காலடி கேட்டது. முதலில் குடை வந்தது, பிறகு ஐயா வந்தார், அவருக்குப் பின்னால் அக்கா.

"ஸ்தோத்திரம் ஐயா" என்று எழுந்தேன்.

"பத்து மணின்னு சொல்லியிருந்தேனேம்மா."

"ஆமா ஐயா. இவங்களுக்கும் பத்து மணின்னு சொல்லியிருந்தேன்."

ஐயா கோபக்காரர் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவர் களைத்துப்போய் நின்றார். "அக்கா எல்லாம் சொன்னா. நீ முயற்சி பண்ணியிருக்கே, இல்லேன்னு சொல்லல. ஆனா டிக்கெட் போட்டாச்சும்மா. செவ்வாய்க்கிழமைக்கு" என்றார்.

என் கையிலிருந்த ஊசி விரலில் ஏறியது. தையல்காரம்மா அதைத்தான் முதலில் பார்த்தார். அவர் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். என்னை ஊருக்குக் கூட்டிப் போகிறார் என்று சொன்னேன்.

அந்த அம்மா எழுந்து போய்ச் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். நான்கு தாள்களைப் புரட்டி, சிவப்பு வட்டம் போட்டிருந்த ஒரு நாளை ஐயாவின் மூக்குக்கு நேரே காட்டினார். வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார். அந்த நாளில் இந்தப் பெண் இங்கே இருப்பாளா என்று கேட்டார்.

ஐயா யாருக்கும் நேராக 'இல்லை' என்று சொல்ல மாட்டார். கூரை ஒழுகுகிறது என்றாலும், சம்பளம் போதவில்லை என்றாலும், தன்மையாகப் 'பாக்கலாம்' என்பார். அப்படிச் சொன்னால் நடக்காது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்; கேட்டவர் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த ஊர் மொழி அவருக்கும் கொஞ்சம் வரும், பத்து வருடத்துக்கு முன்னால் கற்றுக்கொண்டது. புகைபடிந்த அந்தக் கண்ணைப் பார்த்தார். பிறகு மனசுக்குள் தமிழில் நினைத்ததைச் சொல்லுக்குச் சொல் அப்படியே பெயர்த்துச் சொன்னார்.

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த மொழியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாம் சந்திப்போம்.

தையல்காரம்மாவின் முகம் மலர்ந்தது. நான் அந்த வீட்டுக்கு மறுபடி வந்ததிலிருந்து முதல் தடவையாக. "அப்படியா? நீங்களும் வரீங்களா? ஆஸ்பத்திரியில ஒரு ஆள் போதும்னுதான் சொன்னாங்க. ரெண்டு பேர் வந்தா எனக்கும் தைரியமாத்தான் இருக்கும்" என்றார். மேசையில் தடவிப் பென்சிலைத் தேடி எடுத்து, துணிக்கு அடையாளம் போடுகிற அதே அழுத்தத்தோடு, சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் 'இரண்டு பேர்' என்று எழுதினார்.

"என்னம்மா சொல்றாங்க?" என்று ஐயா என்னைக் கேட்டார்.

பூசி மெழுகிச் சொல்லியிருக்கலாம். மரியாதைக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்த வாரம் முழுக்க நான் பட்டது போதும். "அன்னைக்கு என்கூட நீங்களும் ஆஸ்பத்திரிக்கு வரேன்னு சொன்னீங்களாம் ஐயா. எழுதிட்டாங்க" என்றேன்.

ஐயா வாயைத் திறந்தார். அக்கா கூரையைப் பார்த்தாள். காலண்டரில் எழுத்து இன்னும் காயாத மை போலப் பளபளத்தது, பென்சில் எழுத்துதான் என்றாலும். ஐயா அதைப் பார்த்தார். மேசையில் நூல் வாலோடு வரிசையாகக் குத்தி நின்ற முப்பத்தாறு ஊசிகளைப் பார்த்தார். அவர் சொன்னதைச் சொன்னபடியே நம்பிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் அவரையே பார்த்து நின்ற அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு குடையைக் கதவோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"காலையில எத்தனை மணிக்கு வரணும்னு கேளும்மா" என்றார்.